மாடியில் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்: தரையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

மாடியிலேயே துணி துவைக்க ஓர் அறை இருப்பது பெரிய வசதி. அழுக்குத் துணி சேர்வது பெரும்பாலும் படுக்கையறைகளில்தான். துவைத்து, மடித்து, அலமாரிக்குத் திரும்புவதும் அங்கேதான். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த அறையில் ஃப்ரண்ட் லோடு மெஷின் வைக்கலாமா என்ற பேச்சு வந்ததும், எல்லோருக்கும் முதலில் எழும் பயம் ஒன்றுதான்: அவ்வளவு கனத்தைத் தளம் தாங்குமா?

தாங்கும். மெஷினின் எடை பெரும்பாலும் 60 முதல் 80 கிலோவுக்குள் இருக்கும். துணியும் தண்ணீரும் சேர்ந்தால் 100 கிலோவை ஒட்டி வரும். புத்தகம் நிரம்பிய ஓர் அலமாரி இதைவிடக் கனம். ஒழுங்காகக் கட்டிய மாடித் தளத்துக்கு இது ஒரு பாரமே இல்லை. தளத்துக்குச் சோதனை வருவது மெஷின் துணியைப் பிழியத் தொடங்கும்போது. மாடிக்கு மெஷின் தேர்ந்தெடுப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஃப்ரண்ட் லோடு மெஷினின் டிரம் படுத்த நிலையில் இருக்கிறது. அதன் விட்டம் சுமார் அரை மீட்டர். ஸ்பின் தொடங்கும்போது துணிகள் டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒட்டுவதில்லை. ஒரு பக்கம் ஈரத் துண்டு சுருண்டு கிடக்கும், எதிர்ப்பக்கம் இரண்டு சட்டை மட்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 300 கிராம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கையில் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாத எடை. ஆனால் 1200 ஆர்.பி.எம். வேகத்தில், அதாவது நொடிக்கு 20 சுற்று சுற்றும்போது, அந்த 300 கிராம் டிரம்மை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது இங்கே கணக்கு. அதனால்தான் 800 ஆர்.பி.எம்.-இல் அதே 300 கிராம் சுமார் 54 கிலோவாகவும், 1400-இல் 160 கிலோவுக்கு மேலாகவும் மாறுகிறது.

அந்த விசை எந்தத் திசையில் இழுக்கிறது என்பதும் முக்கியம். டாப் லோடு மெஷினில் டிரம் நின்ற நிலையில் சுழல்வதால் இழுப்பு பக்கவாட்டில் போகிறது. தரை பக்கவாட்டில் அசைவதில்லை, விறைப்பாகவே நிற்கும். ஃப்ரண்ட் லோடில் டிரம் படுத்திருப்பதால் அந்த இழுப்பு மேலும் கீழுமாகவும் வருகிறது. நொடிக்கு 20 முறை தரையை அழுத்தி, 20 முறை விடுகிறது. மாடித் தளம் எந்தத் திசையில் அதிகம் வளைந்து கொடுக்குமோ அதே திசையில்தான் இது இடிக்கிறது. தரைத்தளத்தில் மண்ணின் மேல் நிற்கும் மெஷின் அமைதியாக ஓடுவதும், அதே மெஷின் மாடியில் ஜன்னல் கண்ணாடியைக் கடகடக்க வைப்பதும் இதனால்தான்.

பழைய காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான தானியங்கி வாஷிங் மெஷினை அறிமுகப்படுத்தியது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்த மெஷின் அது. டிரம்முக்கு சஸ்பென்ஷன், அதாவது ஆட்டத்தை உள்வாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடு என்று எதுவும் கிடையாது. ஆகவே மெஷின் நகர்ந்து போகாமல் இருக்க அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. மெஷின் நகரவில்லை, ஆனால் அதிர்வு முழுவதும் தரைக்கே போனது.

இன்றைய மெஷினில் டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டி, மேலே ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கீழே டேம்பர்கள் என்ற தண்டுகள் அதன் ஆட்டத்தை அடக்குகின்றன. தொட்டியோடு கனமான கான்கிரீட் கட்டிகளை போல்ட் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். எடையைக் குறைக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள், இதில் ஏன் கான்கிரீட்டைச் சேர்க்கிறார்கள் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. கணக்குப் போட்டால் விளங்குகிறது. டிரம், தொட்டி, கட்டி, துணி எல்லாம் சேர்ந்து 50 கிலோ இருந்தால், மேலே சொன்ன 300 கிராம் ஏற்றத்தாழ்வு வேகமான ஸ்பின்னில் அந்தத் தொட்டியைச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் அசைக்க முடியும். எடை பாதியானால் அசைவு இரட்டிப்பாகும். தொட்டி குறைவாக அசைந்தால் ஸ்பிரிங் குறைவாக நீளும். ஸ்பிரிங் எவ்வளவு இழுக்கிறதோ, டேம்பர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் மெஷினின் உடம்புக்கும், அதன் வழியே தரைக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மெஷின்களில் எதை எடுப்பது என்று தடுமாறினால், மாடிக்குக் கனமானதையே எடுங்கள் என்பேன். 58 கிலோ மெஷினைவிட 75 கிலோ மெஷின் மாடிக்கு நல்லது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். ஆனால் காரணம் இதுதான்.

சரி, சஸ்பென்ஷன் இவ்வளவு செய்கிறது என்றால் மிச்சப் பிரச்சினை என்ன? ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தள்ளினால் லேசான தள்ளலிலேயே உயரப் போகும் அல்லவா, அதேதான். மெஷின் ஸ்பின்னுக்கு ஏறும்போது இப்படி இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, வேகம் ஏறத் தொடங்கிய சில நொடிகளிலேயே வருவது. தொட்டி தன் ஸ்பிரிங்கில் அதிகமாக ஆடும் இடம் அது. உள்ளே ‘தடக் தடக்’ என்று ஒரு குலுக்கல் கேட்டு அடங்கிவிடும். டேம்பர் நன்றாக இருந்தால் இதைப் பெரிதாகக் கவனிக்கவே மாட்டோம். இரண்டாவது, தரையின் சொந்த அதிர்வு. மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்த தளங்கள் பலவும் நொடிக்கு 10 முதல் 20 முறை அதிரும் இயல்புள்ளவை. இதை மெஷின் வேகத்துக்கு மாற்றினால் 600 முதல் 1200 ஆர்.பி.எம். அதாவது துணி பிழியும் வேகம் அப்படியே தரையின் போக்கோடு பொருந்திப் போகக்கூடிய இடம். கான்கிரீட் தளத்தில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. அதன் கனமே அதை அடக்கி வைக்கிறது. கான்கிரீட் தளமுள்ள வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் கவலைப்படாமல், கீழே சொல்லப்போகும் தண்ணீர் விஷயத்துக்கு நேரத்தைச் செலவிடலாம்.

உங்கள் தளம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மெஷின் வைக்கப்போகும் இடத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வையுங்கள். பக்கத்தில் நின்று, குதிகாலை உயர்த்தி முன்காலில் நின்று, சட்டென்று குதிகாலைத் தரையில் போடுங்கள். கட்டடப் பொறியாளர்கள் தளத்தின் அதிர்வைப் பார்க்கச் செய்யும் சோதனையின் வீட்டுப் பதிப்பு இது. தண்ணீர் லேசாகச் சிலிர்த்து உடனே அடங்கினால் நல்ல தளம். டம்ளரே குதித்து, அலை அடங்க நேரம் எடுத்தால், அல்லது பக்கத்து அலமாரியில் பாத்திரம் சத்தம் போட்டால், மெஷின் வாங்குவதற்கு முன் தளத்தில்தான் வேலை இருக்கிறது.

அந்த வேலை பயப்படும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். அறையின் நடுவில் தளம் அதிகம் வளையும். சுவரோரத்தில், அதிலும் கீழ்த்தளத்திலிருந்து எழும்பி வரும் பாரச் சுவரின் மேலோ பீமின் மேலோ, மிகக் குறைவாக வளையும். ஓர் இரண்டடி நகர்த்தியதிலேயே வித்தியாசம் தெரியும். அதற்கப்புறமும் ஆடினால், கீழிருந்து சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் அடிக்கலாம். மேலே 18 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட் பலகையை, மெஷினின் நான்கு காலும் அதற்குள் அடங்கும்படி, பல சட்டங்களோடு சேர்த்து ஸ்க்ரூ போடலாம். இவற்றைத் தச்சர் ஒரு நாளில் செய்துவிடுவார்.

ரப்பர் பேட் வாங்கிப் போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டைல்ஸ் தரையில் மெஷின் வழுக்கி நகர்வதை ரப்பர் தடுக்கும், சன்னமான இரைச்சலையும் குறைக்கும். அதற்கு வாங்குவதானால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தளமே துள்ளுகிறது என்றால் அந்தச் சின்ன ரப்பர் துண்டு அதை நிறுத்தாது. ரப்பர் மிகவும் மெத்தென்று இருந்தால் மெஷின் கூடுதலாக ஆடவும் ஆடும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். கடையில் உங்கள் முன் வைக்கப்படும் எண்களில் மாடிக்கு உதவாதது எது தெரியுமா? டெசிபல். 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் ஒட்டப்படும் எரிசக்தி லேபிளில் ஸ்பின் சத்தம் டெசிபலிலும், அதற்கொரு தர எழுத்தாலும் போடப்படுகிறது. நல்ல தகவல்தான். ஆனால் அது காற்றில் வரும் சத்தத்தைத்தான் சொல்கிறது. மெஷின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, சுவரில் ஏறி, கீழ் அறைக் கூரையில் முழங்கும் அதிர்வு அந்த எண்ணில் இல்லை. 72 டெசிபல் மெஷின் ஒன்று 76 டெசிபல் மெஷினைவிட அதிகமாகத் தளத்தை ஆட்டலாம். இன்வெர்ட்டர் மோட்டாரும் இதே கதைதான். பிரஷ் இல்லாத மோட்டார் இரைச்சல் குறைவாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும், வாங்க வேண்டியதுதான். ஆனால் டிரம்முக்குள் துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் மோட்டார் எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் தரை ஆடத்தான் செய்யும்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, துணி ஒதுங்கினால் இந்த மெஷின் என்ன செய்யும் என்பதுதான். நல்ல மெஷின்கள் ஸ்பின்னுக்கு முன் டிரம்மை மெதுவாகச் சுழற்றி, சுமை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும். சமமில்லை என்றால் நிறுத்தி, துணியை உதறி, மறுபடி முயலும். பல முறை முயன்றும் சரியாகவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது ஸ்பின்னே செய்யாமல் நின்றுவிடும். துணி சொட்டச் சொட்ட இருக்கிறதே என்று அப்போது கோபம் வரும். ஆனால் மாடியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிடிவாதம் தேவை. சாம்சங்கின் வி.ஆர்.டி. (அதிர்வைக் குறைக்கும் நுட்பம்) போன்ற ஏற்பாடுகளில் டிரம்மைச் சுற்றிய வளையத்துக்குள் உலோகக் குண்டுகள் இருக்கும். வேகம் ஏறியதும் அவை கனமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து ஈடுகட்டும். மரத் தளம் உள்ளவர்கள் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று, ஸ்பின் வேகத்தை நாமே மாற்றும் வசதி. எல்லா புரோகிராமிலும் 800, 1000, 1200 என்று குறைத்து வைக்க முடிகிறதா என்று கடையிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். 1400 ஆர்.பி.எம். என்று பெரிதாக எழுதியிருப்பதற்காக அதிகம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. 5 கிலோ பருத்தித் துணியை 1000-இல் பிழிந்தால் துணி எடையில் 60 சதவீதத்தை ஒட்டி ஈரம் தங்கும், சுமார் 3 லிட்டர். 1400-இல் பிழிந்தால் 50 சதவீதத்துக்குச் சற்று மேலே, சுமார் இரண்டரை லிட்டர். அந்த அரை லிட்டருக்காக, ஒதுங்கிய துணி டிரம்மை இழுக்கும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. டிரையரில் உலர்த்துகிறவர்களுக்கு அந்த அரை லிட்டர் மின்சாரக் கணக்கில் தெரியும், அவர்களுக்கு அது முக்கியம். கொடியில் காயப்போடுகிறவர்களுக்கு இல்லை.

கொள்ளளவில் பேராசை வேண்டாம். அதே நேரம் ஒற்றைக் கனத் துணியைப் போட்டு ஓட்டும் பழக்கமும் வேண்டாம். தனியாகப் போட்ட ஒரு குளியலறை மிதியடிக்கு எதிர்ப்பக்கம் ஈடு கொடுக்க எதுவுமே இல்லை. அதோடு நாலைந்து துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் மெஷின் அமைதியாகிவிடும். டிரையரை மெஷினின் தலைமேல் அடுக்குவது இடம் மிச்சப்படுத்தும். ஆனால் ஆடும் தளத்தில் உயரம் கூடக் கூட ஆட்டம் மேலே பெரிதாகும். கான்கிரீட் தளமென்றால் அடுக்கலாம்.

அடுத்தது தண்ணீர். அதிர்வு தொந்தரவு, தண்ணீர் ஆபத்து. தரைத்தளத்தில் ஹோஸ் உடைந்தால் ஒரு அறை நனையும். மாடியில் உடைந்தால் கீழே கூரை, மின்விளக்கு, மரச் சாமான் எல்லாம் போகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ஒரு சாதாரணக் குழாய், யாரும் வீட்டில் இல்லாத ஒரு மணி நேரத்தில் 600 லிட்டரைக் கொட்டிவிடும். ஒரு முறை துவைக்க மெஷினுக்குள் போய்வரும் தண்ணீர் முழுவதையும் சேர்த்தால்கூட இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

விளம்பரங்களில் ‘நீர்க்கசிவுப் பாதுகாப்பு’ என்று ஒரே வார்த்தையில் போட்டிருப்பார்கள். அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மெஷினின் அடித்தட்டில் இருக்கும் மிதவை. உள்ளே எங்காவது கசிந்து தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை உயர்ந்து, மெஷின் தன் வால்வை மூடி, பம்பை ஓட்டும். ஆனால் குழாயிலிருந்து மெஷினுக்கு வரும் ஹோஸ் வெளியே வெடித்தால் இதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது, போஷ் மெஷின்களில் அக்வாஸ்டாப் என்று சொல்கிற மாதிரியான ஏற்பாடு. இரட்டைச் சுவர் கொண்ட ஹோஸ், அதன் குழாய்ப் பக்க முனையிலேயே வால்வு. ஹோஸ் கிழிந்தால்கூடத் தண்ணீர் குழாயின் வாயிலேயே நின்றுவிடும். மாடிக்கு இந்த இரண்டாவது வகைதான் தேவை. நீங்கள் விரும்பும் மெஷினில் அது இல்லையென்றால், ஹோஸைத் தனியாக வாங்கி மாட்டலாம். குறைந்தபட்சம் கம்பி வலை போர்த்திய நல்ல ஹோஸ், துவைத்து முடிந்ததும் குழாயை மூடும் பழக்கம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹோஸ் மாற்றுவது. இவை போதும்.

மெஷினின் கீழே டிரே வைப்பதானால், அந்த டிரேயிலிருந்து வடிகாலுக்கு ஒரு குழாய் போக வேண்டும். வடிகால் இல்லாத டிரே சொட்டுச் சொட்டான கசிவைத்தான் பிடிக்கும். ஹோஸ் உடைந்தால் நிமிடக் கணக்கில் நிரம்பி வழிந்துவிடும்.

மாடிக்கே உரிய இன்னொரு சங்கதி தண்ணீரின் அழுத்தம். கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளில், தொட்டிக்கு மிக அருகே இருப்பது மேல் மாடிதான். எனவே அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். தண்ணீர் மட்டம் குழாய்க்கு மேலே 10 மீட்டர் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும், அதாவது 3 முதல் 5 மீட்டர். சில மாடல்கள் இன்னும் அதிகம் கேட்கும். மாடிக் குழாய்க்கும் கூரைத் தொட்டிக்கும் நடுவே அவ்வளவு உயரம் பெரும்பாலும் இருக்காது. மெதுவாக நிரம்பினால் என்ன, கொஞ்சம் நேரம்தானே கூடும் என்று விட்டுவிட முடியாது. மெஷினின் வால்வு தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டேதான் இறுக மூடிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் சரியாக மூடாமல், மெஷின் நிறுத்தியிருக்கும்போதும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். போதவில்லை என்றால் பிரஷர் பம்புக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கழிவுநீர் ஹோஸைத் தரையில் இருக்கும் துளைக்குள் அப்படியே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. முனை தரையில் கிடந்தால், மெஷின் நிரப்ப நிரப்பத் தண்ணீர் தானாகவே வழிந்து போகும். மெஷினோடு வரும் ‘யு’ வளைவை மாட்டி, கையேடு சொல்லும் உயரத்துக்கு, வழக்கமாக 60 சென்டிமீட்டருக்கு மேல், ஹோஸை ஏற்றிவிட்டு இறக்க வேண்டும்.

வாங்கும் முன் படிக்கட்டை அளந்துவிடுங்கள், குறிப்பாகத் திருப்பத்தில். மெஷின் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம், அதன் மேல் பெட்டி, தூக்கும் இரண்டு பேரின் முழங்கைகள். எல்லாம் திரும்ப வேண்டும்.

எங்கள் வீட்டு மாடிக்கு மெஷின் வந்த அன்று, பொருத்த வந்தவர் பத்து நிமிடத்தில் குழாயை மாட்டி, பிளக்கைச் செருகி, கிளம்பிவிட்டார். முதல் ஸ்பின்னில் வீடே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மெஷின் சுவரிலிருந்து ஒரு சாண் விலகி, வயர் விறைத்து நின்றது. தளம் சரியில்லை என்றுதான் முடிவு செய்தோம். மறுநாள் கையேட்டைப் புரட்டியபோதுதான் பின்பக்கம் நான்கு நீண்ட போல்ட்டுகள் அப்படியே இருப்பது தெரிந்தது. லாரியில் வரும்போது தொட்டி ஆடாமல் இருக்க அதை உடம்போடு இறுக்கி வைக்கும் போல்ட்டுகள் அவை. கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங்கும் டேம்பரும் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்பேனரால் நான்கையும் கழற்றி, ஓட்டைகளில் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, மறுபடி ஓட்டினோம். மேலே வைத்த டம்ளரில் தண்ணீர் சிலிர்த்ததே தவிரச் சிந்தவில்லை. அந்த போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வீடு மாறும்போது திரும்ப மாட்டித்தான் மெஷினைத் தூக்க வேண்டும்.

ஆகவே பொருத்துகிறவர் கிளம்புவதற்கு முன் நீங்களே பாருங்கள். போல்ட்டுகள் உங்கள் கைக்கு வந்துவிட்டதா? மெஷினின் மேல் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறதா, நீளவாக்கிலும் குறுக்கிலும்? எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் மெஷின் ‘டக்’ என்று ஆடுகிறதா? ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. காலைத் திருகி உயரம் சரிசெய்த பிறகு, அதன் மேலிருக்கும் பூட்டு நட்டை மெஷினின் உடம்போடு சேர மேல்நோக்கி இறுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அதிர்விலேயே கால் திருகிக்கொண்டு, சில வாரங்களில் மட்டம் போய்விடும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் சுவரைத் தொடாமல் ஓரிரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

அப்புறம், நாலைந்து துண்டுகளைப் போட்டு ஒரு முறை முழு வேகத்தில் பிழியவிட்டு, அந்த நேரத்தில் மாடியில் நிற்காமல் கீழே இறங்கி, மெஷினுக்கு நேர் கீழே உள்ள அறையில் நின்று கேளுங்கள். அங்கே அதிர்வு தாங்க முடியவில்லை என்றால் 1200-ஐ 1000 ஆக்கி மறுபடி கேளுங்கள். தரையின் போக்கோடு எந்த வேகம் ஒத்துப்போகவில்லையோ அதுதான் உங்கள் வீட்டு மாடிக்கான ஸ்பின் வேகம்.